தங்கை ரிசப்ஷன்: மூன்று மண்டபம் பார்த்தாச்சு, ஆறு லட்சத்துக்குள் எது சரிவரும்? (திருச்சி)

மண்ணச்சநல்லூர்_அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். வைகாசியில் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். காலை முகூர்த்தம் வயலூர் முருகன் கோவிலில். அது அம்மாவின் வேண்டுதல், மாற்ற முடியாது. அன்று சாயந்திரமே திருச்சியில் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீடு புதுக்கோட்டை. நான் சார்ஜாவில் வேலை செய்கிறேன், இப்போது லீவில் வந்திருக்கிறேன். திரும்பிப் போவதற்குள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும். அப்பா இல்லை. மாமாவும் நானும்தான் அலைகிறோம்.

ரிசப்ஷன் செலவை இரண்டு வீடும் பாதிப் பாதி போட்டுக்கொள்வதாகப் பேச்சு. மொத்தம் ஆறு லட்சம். நகை, துணிமணி, சீர்வரிசை இதில் வராது. மண்டபம், சாப்பாடு, மேடை அலங்காரம், போட்டோ, நாதஸ்வரம், வேன் எல்லாம் இந்த ஆறுக்குள் அடங்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 450 பத்திரிகை வைப்போம். எழுநூறு பேர் வருவார்கள் என்கிறார் மாமா.

இப்போது மூன்று இடம் கையில் இருக்கிறது.

தில்லைநகரில் ஒரு ஏசி மண்டபம். அரைநாள் வாடகை 1,80,000, ஜிஎஸ்டி தனி. மதியம் 3 மணியிலிருந்து இரவு 11 வரை. அவர்கள் சொல்கிற கேட்டரிங்தான் வைக்க வேண்டும், ஒரு இலை 320. கரண்ட் மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 22 ரூபாய். சாப்பாட்டுக் கூடத்தில் 200 பேர் உட்காரலாம் என்றார்கள். உள்ளே நுழைந்ததுமே கண்ணைப் பறிக்கிறது. தங்கைக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இரண்டாவது வயலூர் ரோட்டில், சோமரசம்பேட்டைக்கு முன்னால். ஏசி கிடையாது. அரைநாள் 85,000, வரி தனி. நம் சமையல்காரரை வைத்துக்கொள்ளலாம். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் ரிசப்ஷன் இலை 300-க்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். சாப்பாட்டுக் கூடம் 300 பேருக்கு. முன்னால் பெரிய காலியிடம் இருக்கிறது, பஸ்ஸே நிறுத்தலாம். ஆனால் வைகாசி வெயிலை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மூன்றாவது, மத்திய பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஓட்டலின் ஹால். வாடகை கிடையாது, பிளேட் 900, வரி தனி. எவ்வளவு பேர் வந்தாலும் குறைந்தது 400 பிளேட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். பஃபே முறை.

சம்பந்தி வீட்டில், "ஏசியா இருந்தா நல்லா இருக்கும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா எங்கள் ஊர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். அவரோடு வேலை செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். அவர்கள் உட்கார்ந்து, இலை போட்டு, வயிறாரச் சாப்பிட்டுப் போக வேண்டும். அதில் மட்டும் குறை வைக்க எனக்கு மனம் வராது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நங்கநல்லூர்_நண்பர்

வாழ்த்துகள். நான் ஓட்டலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். சமையல்காரர், பாத்திரம், காய்கறி, ஆள் கூலி என்று எதற்கும் ஓட வேண்டாம். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் அந்த நிம்மதிக்கு விலை உண்டு. 400 பிளேட் என்றால் 3,60,000, மேலே வரி. அழைப்பைக் கொஞ்சம் குறைத்து, நெருங்கியவர்களை மட்டும் கூப்பிட்டால் ஆறு லட்சத்துக்குள் அழகாக முடியும். எங்கள் வீட்டில் சென்ற வருடம் அப்படித்தான் செய்தோம், யாரும் குறை சொல்லவில்லை.

உறையூர்_மேனேஜர்

தம்பி, உறையூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரொம்ப காலம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நங்கநல்லூர் நண்பர் சொல்வது நானூறு பேர் கூப்பிடுகிற வீட்டுக்குச் சரி. உங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. எழுநூறு பேரும் வந்து நின்றால் பிளேட் 900 வீதம் 6,30,000, வரி அதற்கு மேல். ஓட்டலுக்கு ஓட்டல் வரி 5, 18 என்று மாறும், அதையும் கேட்டுக்கொள்ளாமல் கணக்குப் போட முடியாது. அப்பாவோடு மூட்டை தூக்கியவரைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வைப்பதும் நீங்கள் விரும்புகிற உபசரிப்பு இல்லை. ஆகவே மூன்றாவதை விட்டுவிடுங்கள்.

மண்டபம் பார்க்க வருகிறவர்கள் நேராக மேடைக்குப் போவார்கள். சீலிங்கைப் பார்ப்பார்கள், சாண்ட்லியரைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பந்திக் கூடத்துக்குப் போங்கள். கையில் இஞ்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையை இடிக்காமல் உட்கார்ந்து சாப்பிட ஒரு இலைக்கு இரண்டடி வேண்டும். மண்டபக்காரர்கள் ஒன்றரை அடிக்கு ஒரு இலை என்று கணக்கு வைத்துத்தான் 200, 300 என்று சொல்வார்கள். ஆறடி மேசையில் நான்கு இலை என்பார்கள், வசதியாக உட்கார்ந்தால் மூன்றுதான். அப்படிப் பார்த்தால் தில்லைநகர்க்காரர் சொன்ன 200 உண்மையில் 150. வயலூர் ரோட்டுக்காரரின் 300 உண்மையில் 225.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரிசப்ஷனில் ஜனம் ஒரே சமயத்தில்தான் வரும். ஆறரைக்கு மேடை ஏறினாலும் கூட்டம் ஏழே காலிலிருந்து எட்டே காலுக்குள் வந்து குவிந்துவிடும். துறையூர், முசிறி பக்கம் போகிறவர்கள் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும் என்று எட்டரைக்கே கிளம்பத் துடிப்பார்கள். ஒரு பந்தி சாப்பிட அரை மணி, இலை எடுத்துத் துடைத்து மறுபடி போட பத்து நிமிடம். ஆறே முக்காலுக்கு முதல் பந்தி என்றால் ஒன்பதரைக்குள் நான்கு பந்தி. முதல் பந்தியில் பாதி இலைதான் நிரம்பும். ஆக தில்லைநகரில் ஒன்பதரைக்குள் 525 பேர்தான் சாப்பிட முடியும். மீதி 175 பேர் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். ஐந்தாவது பந்தி முடியவே பத்து மணி ஆகிவிடும். அந்த நேரத்துக்குப் பரிமாறுகிற பையன்கள் ஓய்ந்திருப்பார்கள், பரோட்டா தீர்ந்திருக்கும், கல்லில் தோசை ஊற்ற ஆள் இருக்காது. வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது அந்தப் பந்தியில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். வயலூர் ரோட்டில் அதே நான்கு பந்தியில் கிட்டத்தட்ட 790 பேர் சாப்பிடலாம்.

சரி, பணக் கணக்கு. தில்லைநகர் வாடகை 1,80,000 என்று நினைக்காதீர்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,12,400. எழுநூறு இலை 320 வீதம் 2,24,000, அதற்கு 5 சதவீதம் வரி போட்டால் 2,35,200. சாப்பாட்டு பில் தனியாக கேட்டரிங்காரர் பெயரில் வருமா, மண்டபமே சேர்த்துப் போடுமா என்று கேளுங்கள், வரி மாறும். ஏசி ஓடினால் ஒரு சாயந்திரத்துக்கு 700 யூனிட் தாராளமாக ஓடும், 15,400. சுத்தம் செய்கிற கூலி என்று எட்டாயிரமாவது எழுதுவார்கள். அலங்காரத்துக்கு நீங்கள் 60,000 வைத்தாலும் 5,31,000 ஆகிவிட்டது. இதில் போட்டோ இல்லை, மேளம் இல்லை, வேன் இல்லை.

ஏசி மண்டபத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா? பல இடங்களில் ஜெனரேட்டர் விளக்கையும் ஃபேனையும் மட்டும்தான் தாங்கும். ஜன்னலே இல்லாத ஹாலில் ஏசி நின்றால் கால் மணி நேரத்தில் குழந்தைகள் அழ ஆரம்பிக்கும். வைகாசியில் கரண்ட் போகாது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

அப்புறம் அரைநாள் வாடகை. நீங்கள் சொல்கிற நாள் வைகாசி முகூர்த்த நாள். அன்று காலை அதே மண்டபத்தில் வேறு ஒரு கல்யாணம் நிச்சயம் இருக்கும். அவர்கள் மதியச் சாப்பாடு முடிந்து, சீர்ப் பாத்திரம் ஏற்றி, வெளியேறும்போது மூன்று மணி நான்காகும். கூட்டிப் பெருக்கி, கழுவி, உங்கள் அலங்காரக்காரர் ஆணி அடிக்க ஆரம்பிக்கும்போது மணி ஐந்து. ஆறரைக்கு மாப்பிள்ளை வந்து நிற்பார். எனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று கேட்காமல் அரைநாள் மண்டபம் பிடிக்கவே கூடாது.

இப்போது நான் கேட்கிறேன். காலையில் வயலூரில் தாலி கட்டி முடிந்ததும் உறவினர்கள் எங்கே போவார்கள்? புதுக்கோட்டையிலிருந்து வந்தவர்கள் சாயந்திரம் வரை எங்கே இருப்பார்கள்? காலை டிபன் எங்கே, மதியச் சாப்பாடு எங்கே? நீங்கள் எழுதியதில் அது எங்குமே இல்லை. முகூர்த்த நாளில் வயலூர் கோவிலில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும், தாலி ஏறியதும் அடுத்த ஜோடிக்கு இடம் விட வேண்டியதுதான். இருநூறு பேரை வெயிலில் நிற்க வைக்க முடியாது. வயலூர் ரோட்டு மண்டபத்தை முழுநாளாக, காலை ஆறு மணியிலிருந்து கேளுங்கள். கோவிலும் பக்கம், ரிசப்ஷனும் அங்கேயே. அலங்காரக்காரருக்கும் காலையிலிருந்தே மேடை கிடைக்கும். முழுநாளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், மீதியைச் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்.

அம்மாமண்டபம்_ரோடு

தம்பி, நான் ஸ்ரீரங்கம். மேனேஜர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் சொல்ல வருவது வேறு.

2004 ஜனவரி 23-ஆம் தேதி எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. முகூர்த்த நேரம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், மாப்பிள்ளையும் அதில் ஒருவர். அந்த நாளை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது வெளியே போகிற வழியைத்தான்.

என் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தபோது ஒரு இடத்தில் பின்பக்கக் கதவுக்குக் குறுக்கே பழைய மேசைகளை அடுக்கிப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டேன், வாட்ச்மேனிடம் என்றார்கள். வாட்ச்மேன் எங்கே என்று கேட்டேன், சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அந்த இடத்தை அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வாடகை குறைவாக இருந்தும்.

நீங்களும் பாருங்கள். மாடியில் பந்தி என்றால் இரண்டு படிக்கட்டு இருக்கிறதா? தீயணைப்பு சிலிண்டரில் நிரப்பிய தேதி என்ன? மேடைக்குப் பின்னால் துணி கட்டி, அதை ஒட்டியே சூடாகிற விளக்கு வைப்பார்கள். அலங்காரக்காரரிடம் எல்இடி விளக்குதான் என்று பேசிவிடுங்கள், மேடையில் நிற்கிற பிள்ளைகளுக்கும் சூடு குறையும். வெயிலுக்காக வாசலில் கூடுதல் பந்தல் போட நினைத்தால் கீற்று வேண்டவே வேண்டாம், தகரக் கொட்டகை போடுங்கள். அடுப்பு எரிகிற இடத்துக்கு மேல் துணி எதுவும் வரக்கூடாது.

வயதானவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி கீழ்த்தளத்தில் இருந்தால் அதற்கே தனியாகப் பத்து மார்க் கொடுப்பேன். லிஃப்ட் இருக்கிறது என்று சொல்வார்கள், எழுநூறு பேர் வருகிற இடத்தில் நான்கு பேர் ஏறுகிற லிஃப்ட் எதற்கு ஆகும்? கை கழுவுகிற இடத்தில் எத்தனை குழாய், தரை வழுக்குகிறதா என்றும் பாருங்கள். பட்டுப்புடவையோடு பெண்கள் நடமாடுகிற இடம்.

உங்கள் அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நல்லபடியாக நடக்கும்.

மண்ணச்சநல்லூர்_அண்ணன்

மேனேஜர் சார், அக்கா, ரொம்ப நன்றி. நங்கநல்லூர் அண்ணா, உங்கள் யோசனைக்கும் நன்றி, ஆனால் ஆட்களைக் குறைக்க என்னால் முடியாது.

மாமா டேப்போடு போனார். தில்லைநகரில் ஐம்பது மேசை, ஒவ்வொன்றும் சரியாக ஆறடி. நீங்கள் சொன்ன 150-தான். ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டோம். "ஏசி வராது சார், ஆனா இங்க கரண்ட் போகவே போகாது" என்றார் அங்கிருந்தவர். அன்று காலை ஒரு கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்பதும் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பந்தி முதல் மாடியில், ஒரே படிக்கட்டு.

வயலூர் ரோட்டு மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன் நடந்தபோதே இரவு ஏழரைக்குப் போய் நின்று பார்த்தோம். மேசை எழுபத்தைந்து. பந்தி கீழேதான். இரண்டு பக்கமும் அகலமான கதவு, இரண்டும் திறந்தே இருந்தன. கை கழுவ எட்டுக் குழாய், ஒன்றில் தண்ணீர் வரவில்லை. மணமக்கள் அறை இரண்டிலும் ஏசி இருக்கிறது. முழுநாள் 1,20,000 கேட்கிறார், வரி தனி. கரண்ட் யூனிட் 18, சுத்தம் செய்ய 6,000. சமையல்காரர் காலை டிபன் இலை 110, மதியச் சாப்பாடு 220 என்கிறார். டிபனுக்கு 150 பேர், மதியம் 200 பேர் இருப்பார்கள்.

ஆனால் உள்ளே புழுக்கம்தான். ஃபேன் ஓடியும் மேடையில் அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றது. இதற்கு என்ன செய்யலாம்? சம்பந்தி வீட்டில் இதை எப்படிச் சொல்வது? அவர்கள் மனம் கோணாமல் சொல்ல வேண்டும், தங்கை அங்கே வாழப் போகிற பெண்.

உறையூர்_மேனேஜர்

நடக்கும்போது போய்ப் பார்த்தீர்களே, அதுதான் சரி. காலியாக இருக்கிற மண்டபம் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் கணக்கு. வாடகை வரியோடு 1,41,600. டிபன் 16,500, மதியம் 44,000, இரவு 2,10,000, மூன்றும் சேர்த்து 2,70,500, 5 சதவீதம் வரியோடு 2,84,025. கரண்ட் முழுநாளுக்கு 300 யூனிட் என்று வைத்து 5,400. சுத்தம் 6,000. கூலர் பத்து, ஒன்று 1,500 வாடகை என்றால் 15,000. அலங்காரம் 60,000. மொத்தம் 5,12,025. மூன்று வேளைச் சாப்பாடும் இதில் வந்துவிட்டது. கிட்டத்தட்ட 88,000 கையில் இருக்கிறது. போட்டோ, மேளம், வேன் இதற்குள் அடக்குவது இறுக்கம்தான். போட்டோவுக்குப் பெரிய தொகை போக வேண்டியிருந்தால் அலங்காரத்தில் இருபதாயிரம் குறையுங்கள், சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

இரவு இலைக்கு இருபத்திரண்டு அயிட்டம் என்று பட்டியல் நீட்டுவார்கள். பதினைந்து போதும். இடியாப்பம், பரோட்டா குருமா, சுடச்சுட தோசை, பிரியாணி, தயிர்சாதம், ஒரு நல்ல இனிப்பு, பாதாம் பால் என்று முக்கியமானவை இருந்தால் சரி. அயிட்டம் குறைந்தால் பரிமாறுவது வேகமாகும், பந்தியும் சீக்கிரம் எழும். அரிசியை உங்கள் ஊரிலேயே பார்த்து நல்ல பொன்னியாக வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை இலை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், சமையல்காரர் ஒத்துக்கொள்வார். வாழையிலைக்குக் கவலை வேண்டாம், லால்குடி, குளித்தலை வாழை இருக்கிற வரை நம் ஊரில் இலைக்குப் பஞ்சமில்லை. நுனி இலையாக வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

புழுக்கத்துக்கு வருகிறேன். கூலரை ஹாலுக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினால் ஈரக்காற்று உள்ளேயே சுற்றி இன்னும் பிசுபிசுக்கும். ஜன்னலை ஒட்டி, முதுகு வெளிக்காற்றைப் பார்க்கும்படி வைத்து, எதிர்ப்பக்கக் கதவுகளைத் திறந்து விடுங்கள். திருச்சி வெயில் வறண்ட வெயில், கூலர் நன்றாகவே வேலை செய்யும். இரண்டை மேடைக்கு மட்டும் ஒதுக்குங்கள், இரண்டைப் பந்திக் கூடத்துக்கு. மதியம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், அதற்கு ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்தாலும் தகும். பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட்தான் இரவு ஏழு மணிக்கு உள்ளே அனலை இறக்குகிறது. ஸ்ரீரங்கத்து அம்மா சொன்ன எல்இடி விளக்கும் சேர்ந்தால் பாதிச் சூடு போய்விடும். தண்ணீர் வராத குழாயைச் சரிசெய்து தர வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

சம்பந்தி வீட்டுக்குப் போனில் சொல்லாதீர்கள். மாமாவை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டை போங்கள், இரண்டு மண்டபத்தின் கணக்கையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "உங்கள் பக்கத்து ஜனம் காலையிலிருந்து இருக்க வேண்டும், மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வருகிற பஸ் நிற்க இடம் வேண்டும், அதற்காக இதைப் பார்த்தோம். நீங்களும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகுதான் அட்வான்ஸ்" என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏசி அறை இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தங்களைக் கேட்டுச் செய்தார்கள் என்கிற மரியாதை கிடைத்தால் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். பாதிப் பாதி என்பதில் எது எது சேரும் என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். வாடகையும் அலங்காரமும் பாதி என்பதில் தகராறு வராது. இலைக் கணக்கில்தான் வரும்.

திருவப்பூர்_வாசி

நான் புதுக்கோட்டைக்காரன் என்பதால் ஒன்று சொல்லலாமா? எங்கள் பக்கத்தில் மொய் எழுதுவது பெரிய விஷயம். ஆடியில் மொய் விருந்தே நடத்துகிற பகுதி. ரிசப்ஷனில் மொய் மேசை முன்னால் நோட்டோடு இரண்டு பேர் உட்கார்ந்தால் அங்கே ஒரு கூட்டம் சேரும். அதைப் பந்திக் கூடத்து வாசலில் போடாதீர்கள், போகிற வருகிற வழி அடைத்துக்கொள்ளும். ஹாலின் பக்கவாட்டில் விளக்கு வெளிச்சமாக இருக்கிற இடமாகப் பார்த்துப் போடுங்கள், பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. மொய் வரும், அதை வைத்து மண்டப பாக்கியைத் தீர்க்கலாம் என்று மட்டும் யாரும் திட்டம் போட வேண்டாம். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம்.

பாட்டுக்கு ஏற்பாடு செய்தால் இன்னொன்று. சில இடங்களில் பாட்டு போட காப்புரிமை லைசென்ஸ் கட்டணம் என்று கேட்பார்கள். கல்யாணமும் அதைச் சேர்ந்த விசேஷங்களும் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விலக்குப் பெற்றவை. மத்திய அரசே 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. அப்படி யாராவது பணம் கேட்டால் அதைக் காட்டுங்கள். ஆனால் வெளியே சத்தம் கேட்கிற ஒலிபெருக்கி இரவு 10 மணியோடு நின்றாக வேண்டும், அதற்கு விதி இருக்கிறது. மேசை மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பதும் தமிழ்நாட்டில் 2019-லிருந்து தடை, பேப்பர் ரோல் சொல்லிவிடுங்கள்.

மண்ணச்சநல்லூர்_அண்ணன்

சம்பந்தி வீட்டார் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பந்திக் கூடத்தையும் வாசலையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் இருந்தா நம்ம ஜனம் சந்தோஷமா இருக்கும்" என்றார். கூலர் செலவு முழுவதையும் தான் ஏற்பதாகவும் சொன்னார். அம்மாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. தங்கைக்குத் தில்லைநகர் மேடை மேல் கொஞ்சம் ஆசை இருக்கிறது, அலங்காரம் அவள் விருப்பப்படிதான் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளை அட்வான்ஸ் கொடுக்கிறோம். ரசீதில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? இலை எத்தனைக்குச் சொல்வது? நான் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால்தான் வர முடியும்.

உறையூர்_மேனேஜர்

நல்ல மனுஷர்கள் அமைந்திருக்கிறார்கள் தம்பி, சந்தோஷம்.

ரசீதில் தேதியோடு நேரமும் இருக்க வேண்டும், காலை 6 முதல் இரவு 11 வரை என்று. வெறும் "ஒரு நாள்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாக. யூனிட் விலை, ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு எவ்வளவு, டீசல் யாருடையது. எத்தனை அறை, எத்தனை நாற்காலி. நம் சமையல்காரர், நம் அலங்காரக்காரர் வரலாம், அதற்குத் தனிப் பணம் கிடையாது என்று ஒரு வரி. இதை எழுதாமல் விட்டால் அன்று காலையில் வாழைமரம் கட்டக் காசு, கேஸ் அடுப்பு வைக்கக் காசு என்று ஒவ்வொன்றாக வரும். தேதி மாறினாலோ நின்றுபோனாலோ எவ்வளவு திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

உள்ளே நுழைகிற காலையில் மாமா முதலில் மீட்டரைப் போனில் போட்டோ எடுக்க வேண்டும். இரவு கிளம்பும்போது இன்னொரு போட்டோ.

இலை விஷயம். 450 பத்திரிகைக்கு 675 பேர் வரை எதிர்பார்க்கலாம். சமையல்காரரிடம் 600 உறுதி, 700 வரை வந்தால் தயாராக இருக்க வேண்டும், உட்கார்ந்த இலைக்குத்தான் பணம் என்று பேசுங்கள். எழுநூறு உறுதி என்று வாயை விட்டுவிட்டால் ஐந்நூற்றைம்பது பேர் வந்தாலும் எழுநூறுக்குக் கொடுக்க வேண்டும். கடைசி எண்ணிக்கையை நான்கு நாள் முன்னால் நீங்கள் வந்ததும் சொல்லுங்கள், காந்தி மார்க்கெட்டில் காய்கறி எடுக்க அது போதும்.

இலை எண்ண உங்கள் பக்கத்தில் ஒருவர், சம்பந்தி பக்கத்தில் ஒருவர் வேண்டும். மேடைக்குப் போட்டோ எடுக்க ஓடாத ஆளாகப் பாருங்கள். ஒவ்வொரு பந்தியும் உட்கார்ந்ததும், முதல் அயிட்டம் வைத்த உடனே, சமையல்காரரின் ஆளும் இவர்கள் இருவரும் சேர்ந்து எண்ணி ஒரே நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேளக்காரர், டிரைவர், போட்டோகிராபர் சாப்பிடுகிற இலையும் அதில் வரும். அந்த நோட்டு இருந்தால் இரவு பதினொரு மணிக்குக் கணக்கு முடிக்கப் பத்து நிமிடம் போதும்.